கீசர் தண்ணீர் அளவுக்கு மீறிக் கொதித்தால்: காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் சென்ற டிசம்பர் மாதத்தில் ஒரு நாள், விடியற்காலை 5 மணிக்குப் போட்ட கீசர் சுவிட்சை 7 மணிவரை அணைக்க மறந்துவிட்டோம். என் மாமியார் வெந்நீர்க் குழாயைத் திறந்தபோது தண்ணீருக்கு முன்பாக ஆவி சீறிக்கொண்டு வந்தது. அவருடைய புறங்கையில் தெறித்த நான்கைந்து துளிகளும் அன்று மாலைக்குள் கொப்புளங்களாகிவிட்டன. மறுநாள் கீசரின் அடிமூடியைக் கழற்றிப் பார்த்தேன். அளவு மீறிச் சூடேறினால் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய கட்-அவுட்டின் இரண்டு முனைகளும் ஒரு துண்டுக் கம்பியால் இணைக்கப்பட்டு, அதன்மேல் கறுப்பு டேப் சுற்றப்பட்டிருந்தது. கீசர் அடிக்கடி நின்றுபோகிறது என்று ஆறு மாதங்களுக்கு முன் நாங்கள் அழைத்த எலக்ட்ரீஷியன், "டைரக்ட் பண்ணிட்டேன் சார், இனிமே தொல்லையே இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனதன் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

தண்ணீரைச் சேமித்துச் சூடாக்கும் கீசரில் சூட்டைக் கட்டுப்படுத்த இரண்டு காவல்கள் இருக்கின்றன. குறித்த வெப்பநிலை வந்ததும் நிறுத்தி, ஆறியதும் மீண்டும் இயக்குவது தெர்மோஸ்டாட்டின் வேலை. அது தவறினால் கடைசித் தடுப்பாக நின்று மின்சாரத்தை அறுப்பது கட்-அவுட். நம் வீடுகளில் மூன்றாவது காவல் ஒன்றும் உண்டு. கால் மணி நேரத்தில் சுவிட்சை அணைத்துவிடும் நம்முடைய விரல்தான் அது. இந்த மூன்றாவது காவல் ஒழுங்காக இயங்குவதாலேயே முதல் இரண்டும் பழுதானது பல மாதங்களுக்கு வெளியே தெரிவதில்லை. ஆகவே தண்ணீர் கொதிநிலைக்குப் போயிருக்கிறது என்றால் குறைந்தது இரண்டு பழுதுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டே தேட வேண்டும். ஒன்றைச் சரிசெய்துவிட்டு மூடியை மாட்டிவிடுவது பாதி வேலைதான்.

முதல் படி: மின்சாரத்தை நிறுத்தி, ஆறவிடுதல்

குழாயில் ஆவி வந்தாலோ, கீசருக்குள் கடமுடவென்று சத்தம் கேட்டாலோ, உடனே மின்பெட்டியில் அந்த இணைப்புக்குரிய எம்.சி.பி. என்ற துண்டிப்பு விசையை இறக்கிவிடுங்கள். குளியலறைச் சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. அந்தச் சுவிட்ச் தவறுதலாக, மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பியில் கொடுக்கப்பட்டிருந்தால், அணைத்த பிறகும் தண்ணீரைச் சூடாக்கும் காயிலில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும்.

அடுத்து, சூட்டைக் குறைக்கிறேன் என்று வெந்நீர்க் குழாயைத் திறக்காதீர்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில், திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆனால் மாடித் தொட்டிக்குப் 10 மீட்டர் கீழே இருக்கும் கீசருக்குள் அந்த நீர்மட்டத்தின் அழுத்தமும் சேர்ந்துகொள்வதால், 120 டிகிரியை நெருங்கும்வரை தண்ணீர் கொதிக்காமலேயே சூடேறிக்கொண்டிருக்கும். குழாயைத் திறந்ததும் அழுத்தம் விடுபட, அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி அந்த நொடியிலேயே ஆவியாக மாறிச் சீறும். அளவு மீறிய அழுத்தத்தை வெளியேற்றும் சேஃப்டி வால்வின் நெம்புகோலைக் கையால் தூக்கிப் பார்ப்பதும் இதே காரணத்தால் ஆபத்து. தொட்டியைச் சுற்றியுள்ள நுரைக் காப்பு சூட்டை எளிதில் வெளியே விடாது என்பதால், ஓர் இரவு முழுவதும் அப்படியே விட்டுவிடுவதுதான் முறை.

இரண்டாம் படி: கை வைத்துப் பார்க்காமல் அளந்து பார்த்தல்

"ரொம்பச் சூடாக வருகிறது" என்ற புகாரை எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும். சமையலறையில் பயன்படுத்தும் கம்பி வைத்த டிஜிட்டல் வெப்பமானி போதும். கீசரை வழக்கம்போல் போட்டு, சிவப்பு விளக்கு அணைந்த பிறகு குழாயை மெல்லத் திறந்து, முதலில் வரும் அரை லிட்டரை விட்டுவிட்டு, அடுத்து வருவதை எவர்சில்வர் சொம்பில் பிடித்து உடனே அளக்க வேண்டும். தொடாமல் அளக்கும் துப்பாக்கி வடிவ வெப்பமானியைப் பளபளப்பான சொம்பின் மீதும் ஆவியின் மீதும் நம்ப முடியாது. குழாயில் ஆவி வந்த கீசருக்கு இந்தச் சோதனை பழுது நீங்கிய பிறகுதான். அதை இப்போது மீண்டும் போட்டுப் பார்க்கக் கூடாது, நேராக ஐந்தாம் படிக்குப் போய்விடுங்கள்.

55 முதல் 65 டிகிரிவரை வந்தால் கீசரில் குறையில்லை. விளாவாமல் நேரடியாகப் பயன்படுத்துவதுதான் குறை. 60 டிகிரித் தண்ணீர் பெரியவர்களின் தோலையே ஐந்து நொடிகள் அளவில் ஆழமாகச் சுட்டுவிடும்; குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அதைவிடக் குறைந்த நேரம் போதும். அதற்காகத் தெர்மோஸ்டாட்டின் திருகைத் தாழ்த்தித் தொட்டியை 40 டிகிரியில் வைத்துக்கொள்வதும் சரியன்று. லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா 20 முதல் 45 டிகிரிவரையிலான தேங்கிய நீரில்தான் பெருகுகிறது. தொட்டியில் 60 டிகிரி வைத்துக்கொண்டு, வாளியில் விளாவிக்கொள்ளும் நம் பழைய வழக்கமே இரண்டுக்கும் விடை. 75 டிகிரியைத் தாண்டினால் பழுது இருப்பதாகக் கொண்டு மேலே படியுங்கள்.

மூன்றாம் படி: குற்றவாளி கீசர்தானா?

பெங்களூர்த் தனி வீடுகளில் இந்தக் கேள்வி முக்கியமானது. மொட்டைமாடியில் சூரிய வெந்நீர்க் கலன் வைத்து, அதன் தண்ணீரைக் கீசரின் உள்வரும் குழாயில் இணைத்திருப்பவர்கள் பலர். கண்ணாடிக் குழல்கள் கொண்ட கலன், மார்ச், ஏப்ரல் மாதங்களில் வீட்டார் இரண்டு நாள் ஊருக்குப் போயிருந்தால், பயன்படுத்தாத தண்ணீரை 80 டிகிரிக்கு மேலும் கொண்டுபோய்விடும். கீசரின் எம்.சி.பி.யை ஒரு நாள் முழுவதும் இறக்கி வைத்துவிட்டு மாலை 4 மணிக்குக் குழாய்த் தண்ணீரை அளந்து பாருங்கள். அப்போதும் கொதித்தால் கீசரைத் தொட வேண்டிய தேவையில்லை. சூரியக் கலனிலிருந்து இறங்கும் குழாயில், குளிர்ந்த நீரைத் தானாகக் கலந்து வெப்பநிலையை நிலைநிறுத்தும் வால்வு ஒன்றைப் பொருத்தினால் போதும்.

குளிர்ந்த நீர்க் குழாயில் வெந்நீர் வருகிறது என்பது வேறு நோய். மிக்சர் குழாய் வழியாக வெந்நீர் எதிர்ப்பக்கம் புகுவதோ, கீசரின் உள்வரும் குழாயில் உள்ள ஒருவழி வால்வு பழுதாகித் தண்ணீர் பின்னோக்கிப் போவதோதான் காரணம். இதில் பின்னதை அலட்சியப்படுத்தாதீர்கள். மாடித் தொட்டி காலியாகும் நாளில் அந்த வழியாகவே கீசரின் தண்ணீரும் வடிந்துபோய், காயில் வெறுமனே எரியும் நிலை வரலாம்.

நான்காம் படி: விளக்கும் கடிகாரமும்

மூடியைக் கழற்றாமலே தெர்மோஸ்டாட்டின் நிலையை ஓரளவு துல்லியமாக அறிய ஒரு வழி இருக்கிறது. கீசரின் பெயர்த்தகட்டில் கொள்ளளவும் வாட்டும் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வேண்டும். எங்கள் வீட்டில் டிசம்பர்க் காலையில் குழாய்த் தண்ணீர் 22 டிகிரி இருந்தது. அதை 60 டிகிரிக்குக் கொண்டுபோக, 2000 வாட் காயிலுள்ள 25 லிட்டர் கீசருக்கு 33 நிமிடங்களும் 15 லிட்டர் கீசருக்கு 20 நிமிடங்களும் ஆகும். மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 200 வோல்ட்டாகக் குறைந்தால் காயிலின் திறன் கால் பங்கு அளவுக்குக் குறைந்துவிடும் என்பதால், அந்த 33 நிமிடம் 44 நிமிடமாகும்.

இரவில் யாரும் தண்ணீர் பயன்படுத்தாத நேரத்தில், குளிர்ந்த கீசரைப் போட்டுவிட்டு, அருகிலேயே இருந்து கடிகாரத்தைப் பாருங்கள். கணக்கிட்ட நேரத்தை ஒட்டிச் சூடேற்றும் விளக்கு அணைந்தால் தெர்மோஸ்டாட் தன் வேலையைச் செய்கிறது. கணக்கைவிடக் கால் மணி நேரம் கூடுதலாகியும் அணையாவிட்டால் எம்.சி.பி.யை இறக்கிவிடுங்கள், மேலும் காத்திருந்து பார்க்க வேண்டாம். ஒரு எச்சரிக்கை: சில கீசர்களில் இரண்டு விளக்குகள் இருக்கும்; ஒன்று மின்சாரம் இருப்பதை மட்டும் காட்டும். எது அணைகிறது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளாமல், அணையவே இல்லை என்று முடிவுகட்டி விடாதீர்கள். நான் ஒருமுறை அப்படிச் செய்து, நல்ல தெர்மோஸ்டாட் ஒன்றை மாற்றியிருக்கிறேன்.

ஐந்தாம் படி: திறந்து பார்த்தல்

உத்தரவாதக் காலம் முடியாத கீசரைத் திறக்காதீர்கள். நிறுவனத்தின் பணியாளரையே வரவழையுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரருக்குத் தெரிவித்துவிட்டுத் தொடங்குவது பின்னால் வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும். மின் இணைப்புகளில் பழக்கமில்லாதவர்கள் இந்தப் படியை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிட்டு, அவர் என்ன செய்கிறார் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தாலே போதும்.

எம்.சி.பி.யை இறக்கி, பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றிய பிறகு, கம்பிகளில் மின்சாரம் இல்லை என்பதை, மின்னழுத்தத்தையும் மின்தடையையும் அளக்கும் மல்டிமீட்டரால் உறுதிசெய்துகொள்ள வேண்டும். டெஸ்டர் மின்னாததை மட்டும் நம்பிக் கைவைக்கக் கூடாது. கம்பிகளைக் கழற்றும் முன் செல்பேசியில் இரண்டு மூன்று படங்கள் எடுத்துவிடுங்கள். பிறகு ஒரு கணம் எதையும் தொடாமல் வெறுமனே பாருங்கள். கருகிய முனை, உருகிய பிளாஸ்டிக், துண்டுக் கம்பி, புதிதாகச் சுற்றிய டேப் ஆகிய நான்கும் பாதிக் கதையைச் சொல்லிவிடும். 2000 வாட் காயில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கிறது. முனையின் திருகு சற்றே தளர்ந்திருந்தாலும் அந்த இடம் சூடேறி, தெர்மோஸ்டாட்டின் உள்தொடர்புகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய தொடர்பு எந்தச் சூட்டிலும் விடுபடாது.

தண்டு வடிவத் தெர்மோஸ்டாட் மிக எளிய கருவி. வெளியே பித்தளைக் குழல். உள்ளே சூட்டில் அநேகமாக நீளாத இன்வார் என்ற உலோகக் கம்பி. சூடேறும்போது பித்தளை மட்டும் நீள, அந்த வேறுபாடு ஒரு நெம்பை இழுத்துத் தொடர்பைத் திறக்கிறது. இதைச் சமையலறையிலேயே சோதித்துவிடலாம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, அறை வெப்பநிலையில் அதன் இரு முனைகளுக்கிடையே மல்டிமீட்டரை வைத்தால் ஏறத்தாழ சுழியம் ஓம் காட்ட வேண்டும். அடுப்பில் ஒரு பாத்திரம் தண்ணீரை வைத்து, தலைப்பகுதி நனையாமல் தண்டை மட்டும் அமிழ்த்தி, பக்கத்தில் வெப்பமானியை விட்டு, மெல்லிய தீயில் சூடாக்குங்கள். திருகில் குறித்த வெப்பநிலையை ஒட்டி "டக்" என்ற ஒலியுடன் தொடர்பு விடுபட வேண்டும். ஐந்தாறு டிகிரி முன்பின் இருந்தால் பரவாயில்லை. என்னுடையது 90 டிகிரியிலும் விடவில்லை. கடையில் அதே நீளமுள்ள புதியதை வாங்கினேன்.

"அதே நீளமுள்ள" என்று சொல்லக் காரணம் இருக்கிறது. தண்டு நுழையும் குழலைவிடக் குட்டையான தெர்மோஸ்டாட்டைப் போட்டால் அது தண்ணீரின் சூட்டைத் தாமதமாகவே உணரும். மெல்லிய செப்பு நாளத்தின் நுனியில் குமிழ் வைத்த வகையில் இதைவிட மோசமான தவறு நடக்கும். பழுதுபார்த்தவர் குமிழைக் குழலுக்குள் முழுவதும் செருகாமல் விட்டுவிட்டால், அது வெளிக்காற்றின் சூட்டைத்தான் அளந்துகொண்டிருக்கும். தண்ணீர் கொதித்தாலும் அதற்குத் தெரியாது. உறுப்புகள் எல்லாம் நல்ல நிலையிலிருந்தும் கீசர் கொதிக்கிறது என்றால், முதலில் இந்தக் குமிழைத் தேடுங்கள்.

காயிலையும் இப்போதே அளந்துவிடலாம். 2000 வாட் காயிலின் இரு முனைகளுக்கிடையே 26 ஓம் அளவில் காட்ட வேண்டும். முனைக்கும் கீசரின் உலோக உடலுக்குமிடையே தொடர்பே காட்டக் கூடாது. காட்டினால் காயிலின் உறை வெடித்து, மின்சாரம் எர்த் வழியே கசிகிறது என்று பொருள். தெர்மோஸ்டாட் நியூட்ரல் பக்கத்தில் தவறாக இணைக்கப்பட்டிருந்தால், அது துண்டித்த பிறகும் இந்தக் கசிவு வழியாகவே காயிலின் ஒரு பகுதி சூடேறிக்கொண்டிருக்கும். 30 மில்லியாம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில் இது உடனே வெளிப்பட்டுவிடும். இல்லாத வீட்டில் குளிப்பவர் உயிருக்கே ஆபத்து.

ஆறாம் படி: உப்புப் படிவு

என் கட்-அவுட் ஏன் ஆறு மாதங்களுக்கு முன்பே அடிக்கடி விழுந்து மின்சாரத்தைத் துண்டித்தது என்பதற்கு விடை இங்கேதான் கிடைத்தது. காயிலைத் தாங்கும் வட்டத் தட்டின் போல்ட்டுகளைக் கழற்றி வெளியே இழுத்தபோது, காயில் வரவில்லை. சுண்ணாம்புத் தூண் ஒன்று வந்தது. விரற்கடை கனத்துக்கு வெள்ளைப் படிவம், காயிலின் வளைவுகளையும் தெர்மோஸ்டாட்டின் குழலையும் சேர்த்து ஒரே கட்டியாகப் பிணைத்திருந்தது. தொட்டியின் அடியிலிருந்து ஓட்டுத் துண்டுகளைப் போன்ற செதில்களைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளினேன்.

ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஏற்றிக் கொண்டுவரப்படும் காவிரித் தண்ணீரில் இந்தத் தொல்லை குறைவு. அது எட்டாத, அல்லது போதாத பகுதிகளில் நாம் சம்ப்பில் நிரப்புவது போர்வெல் தண்ணீரும் லாரித் தண்ணீரும்தான். குடிநீருக்கான இந்தியத் தரம் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் என வகுத்து, வேறு நீர் கிடைக்காதபோது 600 வரை பொறுத்துக்கொள்கிறது. 400 மில்லிகிராம் உள்ள தண்ணீர் நாளொன்றுக்கு 100 லிட்டர் கீசர் வழியாகப் போனால், ஆண்டுக்கு 14 கிலோவுக்கு மேற்பட்ட உப்பு உள்ளே வந்து போகிறது. அதில் இருபதில் ஒரு பங்கு தங்கினாலும் முக்கால் கிலோ. கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடுபட்டதும் கரையாத கார்பனேட்டாக மாறிப் படிவதும், 60 டிகிரிக்கு மேல் அது விரைவாக நடப்பதும்தான் இதன் வேதியியல். அதனால் கொதிக்கும் கீசர் தன் படிவத்தைத் தானே வளர்த்துக்கொள்கிறது.

இந்தப் படிவம் சூட்டைக் கடத்தாது. காயிலின் சூடு தண்ணீருக்குப் போகாமல் சுற்றிலும் தேங்குவதால் கட்-அவுட் அவ்வப்போது விழும். தெர்மோஸ்டாட்டின் குழல்மீது படிந்தால் தண்ணீரின் சூடு அதற்கு எட்டத் தாமதமாகி, தண்ணீர் அளவு மீறும். ஆகவே அன்று எங்கள் கட்-அவுட் சரியாகத்தான் வேலை செய்தது. அதன் வாயை அடைத்துவிட்டு நோயை விட்டுவைத்தோம்.

மெல்லிய படிவத்தைச் சிட்ரிக் அமிலத்தால் கரைக்கலாம். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 50 கிராம் என்ற அளவில் பிளாஸ்டிக் வாளியில் கலந்து, கம்பி முனைகள் நனையாதபடி காயிலை ஊறவைத்தால் நுரைத்துக்கொண்டு கரையும். கழிப்பறைக்குப் பயன்படுத்தும் ஆசிட்டை ஒருபோதும் ஊற்றாதீர்கள். அது செம்பையும் எவர்சில்வரையும் தொட்டியின் உட்பூச்சையும் சேர்த்தே அரித்துவிடும். என்னுடையதைப் போல் கட்டியாகிவிட்டால் புதிய காயில்தான். சுத்தியலால் தட்டிப் பெயர்த்தால் காயிலின் உறை விரிசல் விடும். தட்டோடு இருக்கும் மக்னீசியக் கம்பியையும் பாருங்கள். தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்கென்றே வைக்கப்பட்டது அது. பென்சில் அளவுக்கு மெலிந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

ஏழாம் படி: கட்-அவுட்டும் சேஃப்டி வால்வும்

கட்-அவுட்டின் நடுவில் இருக்கும் சிறு பொத்தானை, கீசர் நன்றாக ஆறிய பிறகு ஒருமுறை அழுத்தி இயக்கலாம். மீண்டும் விழுந்தால் மறுபடி அழுத்துவதை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும். துண்டுக் கம்பியால் இணைக்கப்பட்டிருந்தால் அதை எடுத்துவிட்டுப் புதிய கட்-அவுட்டைப் போடுங்கள். எலக்ட்ரீஷியன் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

சேஃப்டி வால்வில் சொட்டும் தண்ணீரைப் பற்றிப் பலருக்குத் தேவையற்ற அச்சம் இருக்கிறது. 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குப் போகும் தண்ணீர் ஏறத்தாழ 1.7 விழுக்காடு விரிவடைகிறது. 25 லிட்டர் கீசரில் அது 400 மில்லிலிட்டருக்குச் சற்று மேல். ஒருவழி வால்வு அதைத் திரும்பிப் போக விடாததால், சூடேறும்போது அந்த அளவு சொட்டுவது இயல்பு. அசுத்தமாகிறது என்று அந்தத் துளையில் திருகு வைத்து அடைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அதைவிட ஒரு வெடிகுண்டைச் சுவரில் மாட்டலாம். சொட்டுவது பிடிக்காவிட்டால் ஒரு மெல்லிய குழாயை மாட்டி வடிகாலுக்கு இழுத்துவிடுங்கள். அதன் மறுமுனை எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். சூடேறாதபோதும் ஓயாமல் ஒழுகினால், அல்லது ஆவி வந்தால், வால்வை மாற்ற வேண்டும்.

எட்டாம் படி: திரும்ப மாட்டிப் பரீட்சித்தல்

தட்டை மாட்டும்போது பழைய ரப்பர் வளையத்தை மீண்டும் பயன்படுத்தாமல் புதியதைப் போட்டு, போல்ட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். எர்த் கம்பியை மறக்காமல் இணைத்து, எடுத்த படங்களோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரைத் திறந்து, வெந்நீர்க் குழாயில் காற்று கக்குவது நின்று சீரான தாரை வரும்வரை ஓடவிட்ட பிறகுதான் எம்.சி.பி.யை ஏற்ற வேண்டும். காலித் தொட்டியில் மின்சாரம் கொடுத்தால் புதிய காயில் சில நிமிடங்களில் எரிந்துபோகும்.

பிறகு நான்காம் படியின் சோதனையை மீண்டும் செய்யுங்கள். என் கீசரின் விளக்கு 36-ஆவது நிமிடத்தில் அணைந்தது. சொம்பில் 61 டிகிரி. மூடியின் உட்பக்கத்தில் தேதியையும் இந்த இரண்டு எண்களையும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே சோதனையைச் செய்யும்போது, அணைய எடுக்கும் நேரமும் வெப்பநிலையும் ஏறிக்கொண்டே போனால், குழலின்மேல் படிவம் மீண்டும் கனக்கத் தொடங்கிவிட்டது என்று அறிந்து, தட்டைக் கழற்ற வேண்டும். போர்வெல் தண்ணீரில் ஓடும் எங்கள் வீட்டில் அதற்கு ஓராண்டுக்கு மேல் ஆகாது.